எரிபூ தொட்ட கைகள்

என் தம்பியின் வலது கையை உடைத்தது நான்தான். இரும்பு அலமாரி சரிந்து மேலே விழுந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் அவன் சொன்னான். நர்ஸ் நம்பவில்லை. என் மேல் தெறித்திருந்த ரத்தத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்க்கட்டும். செய்ததை மறைக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் ஏன் செய்தேன் என்று சொல்ல வேண்டுமானால் எரிபூவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் நர்சரியில் அந்தப் பாத்தியின் முன்னால் உள்ள பலகையில் டிக்டாம்னஸ் ஆல்பஸ் என்று எழுதியிருக்கும். படிக்கிறவர்களுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். எரிபூ என்பது நாங்களே வைத்த பெயர். இடுப்பளவு உயரம். முட்டுக் கொடுக்காமலே விறைப்பாக நிற்கும். வெளிறிய இளஞ்சிவப்பில் ஐந்து இதழ், இதழ் முழுக்க அடர் சிவப்பு நரம்பு. கிட்டே போனால் எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய வாசனை வரும். அந்த வாசனை ஒரு எண்ணெய். தண்டிலும் காம்பிலும் உள்ள பொடிப் பொடிச் சுரப்பிகளிலிருந்து கசிகிறது. காற்றே இல்லாமல் புழுங்குகிற சாயங்காலம் தண்டின் அடியில் தீக்குச்சியைக் காட்டினால் ‘பக்’ என்று ஒரு சுடர் கீழிருந்து மேலே ஓடி அணைந்துவிடும். பூவுக்கு ஒன்றும் ஆகாது. பார்க்க வருகிறவர்கள் கை தட்டுவார்கள். தெருவில் எனக்குப் பட்டாசு என்று பெயர். இந்தச் செடியால் வந்த பெயர் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாவம், செடியைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கு அந்தப் பெயர் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது.

இதை வளர்ப்பதற்குப் பொறுமை வேண்டும். பொறுமை என்கிற சாமானே என்னிடம் கிடையாது என்பார் என் கணவர். இந்தச் செடிக்கு மட்டும் எங்கிருந்தோ வந்தது. விதையைக் காய வைக்காமல் எடுத்த கையோடு ஊன்ற வேண்டும். ஒரு குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் உறைந்து கிடந்தால்தான் அதற்குக் கண் திறக்கும். சிலதுக்கு இரண்டு குளிர்காலம். முதல் வருஷம் பார்த்தால் ஏதோ இரண்டு இலை, களை என்று பிடுங்கிவிடத் தோன்றும். பூப்பதற்கு நாலு, ஐந்து வருஷம். அதற்குள் ஆணிவேர் கீழே போய்க்கொண்டே இருக்கும். போன பிறகு இடம் மாற்றக் கூடாது. மாற்றினால் செத்துவிடும். மாற்றாமல் விட்டால் நம் ஆயுசுக்கும் அதே இடத்தில் பூக்கும். காய் ஐந்து முனை நட்சத்திரம் மாதிரி இருக்கும். முற்றிக் காய்ந்ததும் ‘டப்’ என்று வெடித்து விதையைப் பத்தடி தூரம் எறியும். அதனால் முற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு கதிருக்கும் வலைப்பை கட்டிவிடுவோம். என்னிடம் நாற்பத்தொரு தாய்ச்செடிகள் இருந்தன. ஒன்பது வருஷத்துச் செடிகள். ஒவ்வொன்றையும் விதையிலிருந்து எடுத்தவள் நான்.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு. கதையே அதில்தான் இருக்கிறது. வெறும் கையால் செடியைத் தொட்டு, அந்தக் கையில் வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். தொடும்போது ஒன்றும் தெரியாது. அரிப்புக்கூட இருக்காது. மறுநாள் சிவக்கும். அதற்கும் மறுநாள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். கொப்புளம் ஆறிய பிறகும் பழுப்புத் தழும்பு மாதக்கணக்கில் போகாது. அதனால் முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறை இல்லாமல் அந்தப் பாத்தியில் இறங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இரண்டு ஜோடி இருந்தன. சிவப்பு எனக்கு, நீலம் என் கணவருக்கு. வேறு எந்தப் பாத்திக்கும் நாங்கள் அதைப் போடுவதில்லை.

ஒருமுறை அடுத்த தெரு டீச்சர் வேலியைத் தாண்டி ஆறு பூங்கதிரைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள். யார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நான் சத்தம் போடவே இல்லை. மூன்றாம் நாள் அந்த டீச்சர் கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். நிறுத்திச் சட்டைக் கையை மேலே தள்ளினேன். முழங்கை வரை கொப்புளம். “வெயில்” என்றாள். “வெயிலா? எந்த வெயிலுக்கு எலுமிச்ச வாசனை?” என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ஒரு தைரியம். என் செடியைத் தொட்டவன் என்னிடமிருந்து தப்ப முடியாது, இரண்டு நாளில் கை காட்டிக்கொடுத்துவிடும்.

என் தம்பி முடிதிருத்துகிறவன். தெருக்கோடியில் ஒற்றை நாற்காலி போட்ட சலூன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நர்சரியின் பின்கட்டு அறையில் எங்களோடுதான் இருந்தான். கத்தரி பிடித்தால் அவன் விரல்கள் என்ன வேகத்தில் போகும் என்று வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். மற்ற விஷயத்தில் கையாலாகாதவன். குடித்த டம்ளரைக் கழுவ மாட்டான். என் வேனைப் பின்னால் எடுக்கிறேன் என்று செடி வளர்க்கிற கண்ணாடிக்கூடத்துக்குள் விட்டவன். முடி நல்ல உரம் என்று எவனோ சொன்னதைக் கேட்டு, கடையில் வெட்டிய முடியைச் சாக்கில் அள்ளி வந்து என் பாத்திகளில் கொட்டுவான். இதெல்லாம் நடப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன் எரிபூப் பாத்தியிலும் கொட்டிவிட்டான். காற்றில் முடி பறந்து பூவின் பிசினில் ஒட்டி, நாற்பத்தொரு செடிக்கும் தாடி மீசை முளைத்திருந்தது.

“அறிவிருக்காடா உனக்கு? இது செடியா, உன் கடை குப்பைத்தொட்டியா?”

“உரம்க்கா. நல்லதுக்குத்தான் போட்டேன்.”

“உன் நல்லதைக் கொண்டுபோய் உன் மண்டையில போட்டுக்கோ. இனிமே இந்தப் பக்கம் உன் நிழல் விழக்கூடாது.”

வாடிக்கையாளர்கள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. “எப்பப் பாரு செடி, செடி. ஒருநாள் இல்ல ஒருநாள் மொத்தத்தையும் புடுங்கி எறியறேன் பாரு” என்று கத்திவிட்டுப் போனான். அங்கே நின்ற எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

என் கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தொட்டிக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது, பொட்டலம் கட்டுவது, கருவிகளைக் கழுவி எண்ணெய் போட்டு மாட்டுவது எல்லாம் அவர் வேலை. எங்கள் ஒரே மகள் தூரத்து ஊரில் இருக்கிறாள். அவளோடு போய் இருந்துவிடலாம் என்று வருஷாவருஷம் கேட்பார். “செடி நகராது, நானும் நகர மாட்டேன்” என்பேன். அதற்கு மேல் அவர் பேசியதில்லை. ஒத்துக்கொண்டார் என்று நினைத்திருந்தேன்.

காய்கள் முற்றப் பத்து நாள் இருக்கும்போது, தொட்டிகள் வாங்க நான் வெளியூர் போனேன். திங்கட்கிழமை காலை கிளம்பி, புதன்கிழமை பதினொரு மணிக்குத் திரும்பினேன். வேனை நிறுத்திய இடத்திலிருந்தே பாத்தி தெரிந்தது.

அங்கே பாத்தி இல்லை. என் செடிகள் வேரோடு பெயர்த்து எறியப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இலைகள் சுருண்டு, காய்கள் பச்சையாகவே நசுங்கிப்போயிருந்தன. ஒரு முழ நீளத்துக்கு வேர் வெளியே வந்து, அதற்குக் கீழே அறுபட்டிருந்தது. இருபத்தாறு செடிகள் தரையில். தள்ளி ஒரு பதினைந்து மட்டும் நின்றன, அவையும் தலை தொங்கி. பிடுங்கிப் பிடுங்கிக் கை ஓய்ந்துபோய்த் தம்பி மிச்சத்தை விட்டுவிட்டான் என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் நான் இல்லை.

பின்கட்டு அறையில் தம்பி சட்டை போடாமல் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து கைக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தான். விரல் நுனியிலிருந்து தோள் வரை இரண்டு கையிலும் கொப்புளம். சில கொப்புளங்கள் கோலிக்குண்டு அளவு, உள்ளே நீர் தளும்பிக்கொண்டிருந்தது.

“என்னடா இது?”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தான். வாசலில் என் கணவர் வந்து நின்றிருந்தார்.

“வெயில்க்கா” என்றான்.

அந்த ஒரு சொல் போதும் எனக்கு. விட்டேன் ஒரு அறை. நாற்காலியோடு சுவரில் போய் மோதினான். உதடு கிழிந்தது. “அக்கா, நான் இல்ல, சொல்றதைக் கேளு” என்றான். மூலையில் செடிக்கு முட்டுக் கொடுக்கிற இரும்புக் கம்பிகள் கட்டாக இருந்தன. ஒன்றை உருவினேன். முதல் அடி தொடையில். இரண்டாவது முதுகில். அவன் என்னைவிட ஒரு சாண் உயரம், பிடித்துத் தள்ளியிருந்தால் நான் விழுந்திருப்பேன். தள்ளவில்லை. தலையை மறைத்துக்கொள்ள வலது கையைத் தூக்கினான். கம்பி மணிக்கட்டில் இறங்கியது. பச்சைக் குச்சியை முறித்த மாதிரி ஒரு சத்தம். எனக்கு அது கேட்டது. கேட்டும் நிறுத்தவில்லை என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன். அவன் கீழே சரிந்து, எழுந்திருக்க மேஜை விளிம்பைப் பிடித்தான். அந்த விரல்களின் மேல் இன்னும் ஒரு அடி போட்டேன். கொப்புளங்கள் உடைந்து நீரும் ரத்தமும் மேஜைக்கால் வழியாக ஓடின. தோல் வழன்று கம்பியில் ஒட்டிக்கொண்டது. எத்தனை அடி என்று தெரியாது. ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து அடித்தேன்.

“போதும், விடு” என்றார் என் கணவர், வாசலில் நின்றபடியே.

அவர்தான் வேனை ஓட்டினார். அவர்தான் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி என்னைப் பின்னால் உட்காரவைத்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி அவனுக்குப் பழச்சாறு வாங்கி வந்தார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தேன். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, மூன்று விரல் நொறுங்கியிருக்கிறது, தகடு வைக்க வேண்டும், பழையபடி கத்தரி பிடிப்பது சந்தேகம்தான் என்று டாக்டர் சொன்னார். அப்போதுகூட ‘பிடுங்கின கைதானே’ என்றுதான் என் மனசு சொன்னது. இதை எழுதவே கூசுகிறது.

மறுநாள் காலை சிவப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு பாத்தியைச் சுத்தம் செய்யப் போனேன். கிடந்தவற்றை அள்ளி ஓரமாகக் குவித்தேன். நின்ற பதினைந்தில் ஏதாவது பிழைக்குமா என்று பார்க்க முதல் செடியின் அடியைப் பிடித்தேன். தம் கட்டி இழுத்தாலும் வராத செடி, சும்மா தொட்டதற்கே கையோடு வந்துவிட்டது. அதற்கும் வேர் அறுபட்டிருந்தது. பெயர்த்ததை யாரோ மறுபடி குழியில் இறக்கி மண் போட்டிருக்கிறார்கள். சாயாமல் இருக்கப் பக்கத்தில் எதையோ ஊன்றியிருந்தார்கள். உருவிப் பார்த்தேன். சீப்பு. முடிவெட்டுகிற சீப்பு, பாதிவரை மண்ணில் சொருகியிருந்தது.

குழிக்குள் கையை விட்டேன். உருண்டையாக ஏதோ சிக்கியது. வெளியே எடுத்தேன். முடி. கறுப்பும் நரையும் செம்பட்டையும் கலந்த முடி, நனைந்து உருண்டையாக. அடுத்த செடியைத் தூக்கினேன். அங்கேயும் முடி. மூன்றாவதிலும் முடி. மண்ணில் வெறும் கை அழுத்திய பத்து விரல் தடமும் அப்படியே இருந்தது. அறிவுகெட்ட பயல், செத்த செடியை நட்டு, உரமும் வைத்து, கடையிலிருந்து தண்ணீர் தெளிக்கிற குப்பியைக் கொண்டுவந்து தண்ணீரும் அடித்திருக்கிறான். குப்பி வரப்பில் கிடந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிடுங்கிப் போடுகிறவன் எதற்கு உரம் வைக்கிறான்? நான் செய்த தப்பு என்ன என்று அப்போதுதான் விளங்கியது. கொப்புளம் தொட்டவனைக் காட்டும். எதற்குத் தொட்டான் என்று காட்டாது. இந்தச் செடி தெரிந்தவன் அதை அழிக்க வந்தால் வெறும் கையால் தொடவே மாட்டானே. எனக்கு அது தெரியாதா? இருபத்தாறும் பதினைந்தும் நாற்பத்தொன்று. நாற்பத்தொரு செடியையும் பெயர்த்தவன் கையில் ஒரு பொட்டுக் கொப்புளம்கூட இருக்காது.

கருவி அறைக்குப் போனேன். தட்டைமுனைக் கடப்பாரை அதன் இடத்தில் தொங்கியது. கழுவி, துடைத்து, புது எண்ணெய் போட்டிருந்தது. டம்ளர் கழுவாத என் தம்பி கடப்பாரை கழுவுவானா? பக்கத்து ஆணியில் நீலக் கையுறை, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிக் காயப்போட்டிருந்தது. கையுறையைத் திருப்பிக் காயவைக்கிற பழக்கம் இந்த வீட்டில் ஒரே ஆளுக்குத்தான்.

கடப்பாரையை எடுத்துக்கொண்டேன்.

என் கணவர் பொட்டலம் கட்டுகிற அறையில் தொட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். “தம்பிக்கு மதியச் சாப்பாடு நான் கொண்டுபோகட்டுமா?” என்று கேட்டார். முடி உருண்டையை மேஜைமேல் வைத்தேன்.

“இது என்ன?”

“முடி.”

“எங்க இருந்துச்சு தெரியுமா? வேருக்கு அடியில.”

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த சீட்டை ஓரம் மடங்காமல் மெதுவாகக் கீழே வைத்தார். “திங்கக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தவன், கையுறைகூட மாட்டாம ஓடிப்போய் ஒண்ணொண்ணா நட ஆரம்பிச்சான். வேண்டாம்டா, பிழைக்காதுன்னு சொன்னேன். கேக்கல” என்றார்.

“நட்டதைப் பார்த்தீங்க. அவன் கை வெந்ததையும் பார்த்தீங்க. நான் அவனை அடிக்கறப்போ வாசல்ல நின்னு அதையும் பார்த்தீங்க.”

“ரெண்டு அடியில நிறுத்துவன்னு நினைச்சேன்.”

“நானா? முப்பது வருஷமா என்கூட இருக்கீங்க. நான் நிறுத்துவேனா?”

அதே குரலில், நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரி சொன்னார். “ஒன்பது வருஷமா கேட்டேன். செடி நகராது, செடி நகராதுன்ன. செடி இல்லன்னா நீ நகருவன்னு நினைச்சேன். அவ்வளவுதான்.”

கடப்பாரையை ஓங்கினேன். அவர் தலை எனக்கு நேராக இருந்தது, நடு வகிடு வரை தெளிவாகத் தெரிந்தது. ஜன்னலில் இறக்கினேன். கண்ணாடி சிதறி அவர் தோளில் விழுந்தது. மேஜையில் இறக்கினேன். பலகை பிளந்து தொட்டிகள் உருண்டு உடைந்தன. மூன்றாவது அடி அவர் கைக்கு நாலு விரல்கடை தள்ளி விழுந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பயப்படாத ஆளை அடித்து என்ன பிரயோஜனம்?

“எழுந்திரு” என்றேன். அதுவரை அவரை நான் ஒருமையில் கூப்பிட்டதில்லை.

பாத்திக்கு இழுத்துக்கொண்டு போனேன். உச்சி வெயில், மேகமே இல்லை. தம்பி நட்டதில் இலை பச்சையாக இருந்த ஒரு செடியைத் தேடி, அதன் கிளைகளை ஒடித்தேன். என் சிவப்புக் கையுறையைக் கழற்றி எறிந்தேன்.

“கையை நீட்டு.”

அவருக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும். சட்டைக் கையை அவரே மடித்துவிட்டுக்கொண்டு நீட்டினார். இலையைக் கசக்கி, சாறு ஒழுக ஒழுக, விரல் இடுக்கிலிருந்து முழங்கை வரை தேய்த்தேன். தோல் சிவக்கும்வரை தேய்த்தேன். எலுமிச்சை வாசனை குப்பென்று அடித்தது. கடப்பாரையை ஊன்றிக்கொண்டு எதிரே நின்றேன். நிழலுக்குப் போக விடவில்லை. ஒரு மணி நேரம் நீட்டிய கையோடு அவர் வெயிலில் நின்றார், நானும் நின்றேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. என் கண்ணிலிருந்தும் வந்தது. அதற்காக நான் விட்டுவிடவில்லை.

சனிக்கிழமை காலை அவருக்குக் கொப்புளம் கிளம்பியது. எனக்கும்தான். கசக்கிய கை என் கையல்லவா? ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்துக் கட்டுப் போட்டாள் அதே நர்ஸ். “உங்க வீட்டுல எல்லாருக்கும் இதே வியாதியா?” என்று கேட்டாள்.

அன்றே அவர் மகளுடைய ஊருக்குப் பஸ் ஏறினார். கட்டுப் போட்ட கையால் பெட்டியைத் தூக்க முடியவில்லை. நான் தூக்கி உள்ளே வைத்தேன். “மக கேட்டா கைக்கு என்ன சொல்லப்போறீங்க?” என்றேன். மரியாதை தானாகத் திரும்பி வந்துவிட்டது, முப்பது வருஷப் பழக்கம்.

“வெயில்னு சொல்லிக்கிறேன்” என்றார்.

பஸ் போன பிறகு தம்பியிடம் போனேன். கையில் தகடு வைத்து, தோள்வரை மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். என் கைக்கட்டைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“தெரிஞ்சுடுச்சா?” என்றான்.

“உனக்கு எப்படிடா தெரியும்?”

“திங்கக்கிழமை சாப்பிட வந்தப்போ மாமா குழாயடியில கடப்பாரை கழுவிட்டு இருந்தாரு. நீலக் கையுறை போட்டிருந்தாரு. செடியெல்லாம் கிடந்துச்சு. தண்ணி ஊத்தினா பிழைச்சுடும்னு நினைச்சேன். பதினஞ்சு நட்டேன், அதுக்குள்ள கடையில ஆள் வந்து உக்காந்துட்டான்னு போன் வந்துடுச்சு.”

“நான் அடிக்கறப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? மாமாதான்னு ஒரே ஒரு வார்த்தை.”

அவன் சிரித்தான். கிழிந்த உதட்டில் தையல் இழுத்தது. “சொல்லியிருந்தா அந்தக் கம்பி அவர் மண்டையில இறங்கியிருக்கும். அவர் போய்ச் சேர்ந்திருப்பாரு, நீ ஜெயிலுக்குப் போயிருப்ப. யோசிச்சுப் பார்த்தேன். எனக்குக் கைதானே.”

அடி விழுந்துகொண்டிருக்கும்போது அவன் இதையெல்லாம் யோசித்திருக்கிறான். நான் எதையும் யோசிக்கவில்லை. அவன் கால்மாட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். “விடுக்கா, ஆள் பார்க்கிறாங்க” என்றான்.

மூன்று மாதம் கழித்துக் கட்டுப் பிரித்தார்கள். மணிக்கட்டு பாதிதான் திரும்புகிறது. நடுவிலுள்ள மூன்று விரல்களும் மடங்குவதில்லை. கத்தரியைப் போட்டால் கழன்று விழுகிறது. இடது கையால் மெஷின் ஓட்டப் பழகிக்கொண்டான். ஒட்ட வெட்டிக்கொள்கிற ஆள்கள் மட்டும் வருகிறார்கள், மற்றவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வா என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். கடைக்குப் பின்னாலேயே ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டான். மதியம் சாப்பாட்டை வாசல் பெஞ்சில் வைத்துவிட்டு வருவேன். உள்ளேயிருந்து “சரிக்கா” என்பான். கோபமாக இருக்கிறானா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபம் இல்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாத்தியை நான் உழவில்லை. அவன் நட்டதில் நான் பிடுங்காமல் விட்டவை காய்ந்து குச்சியாக நின்றன, முடியும் சீப்பும் அடியிலேயே கிடந்தன. குளிர்காலம் வந்தது. பனி மூடியது. பெயர்ப்பலகையைக்கூட எடுக்க மனசு வரவில்லை.

பனி உருகி மூன்றாவது வாரம், ஒரு காலையில் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தபோது குச்சியின் பக்கத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தேன். முளை. அறுபட்டு ஆழத்தில் கிடந்த வேர்த்துண்டிலிருந்து, முடியை முட்டிக்கொண்டு, அவன் வைத்த குழி வழியாகவே வந்திருந்தது. மண் இறுகிப்போயிருந்தால் மேலே வந்திருக்காது, அவன் வைத்த முடிதான் அதை இளக்கமாக வைத்திருந்தது. இரண்டு செடி தள்ளி இன்னொன்று. விளக்குமாற்றைப் போட்டுவிட்டுத் தெருவில் ஓடினேன். எனக்கு இருக்கிற உடம்புக்கு ஓடியிருக்கக் கூடாது. போகிறவர்கள் எல்லாம் பட்டாசுக்கு இன்றைக்கு யார்மேல் கோபம் என்று ஒதுங்கி நின்றார்கள்.

சலூன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். தம்பி ஒருவருக்குப் பின்னந்தலையில் மெஷின் போட்டுக்கொண்டிருந்தான்.

“வந்துடுச்சுடா! முளை வந்துடுச்சு! இத்தனை உயரம்” என்று காட்டக் கையைத் தூக்கினேன்.

அவன் வலது கை மேலே போனது. மடங்காத மூன்று விரலும் விறைத்து நிற்க, முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டான். இடது கையிலிருந்த மெஷின் நழுவி, ஒயரில் தொங்கி இரைந்துகொண்டே ஆடியது. நாற்காலியில் இருந்தவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, அக்காவும் தம்பியும் விளையாடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தார்.

தூக்கிய கையை இறக்கினேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பழுப்புத் தழும்பு இன்னும் போகவில்லை, எனக்கும்.

“எத்தனைக்கா?” என்று அந்தக் கைக்குப் பின்னாலிருந்தே கேட்டான்.

“ரெண்டு.”

“நல்லதுக்கா” என்றான். கையை இறக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.